ஓய்வூதியம் உரிமை, நாற்காலி உரிமையன்று!

பிறப்பினால் பதவி என்ற கொடுமையை எதிர்த்துக் களம் கண்டது நம் இயக்கம். அந்தக் கொடுமையின் இளவல் ஒன்று இன்று தலைகாட்டுகிறது: இறப்புவரை பதவி! மாலை சூட்டி, சால்வை போர்த்தி, பாராட்டுரை பல வழங்கி வழியனுப்பப்பட்ட அலுவலர், அடுத்த திங்களே அதே அலுவலக வாயிலில் வந்து நிற்கிறார். ஒரு கையில் ஓய்வூதியம்; மறு கையில் மறுநியமன ஆணை! "அனுபவம் வீணாகலாமா?" என்று கேட்கின்றனர் ஆளவந்தார். பட்டம் பெற்று, தேர்வு நூலைப் படித்துப் படித்து, வயது வரம்பு கடந்துவிடுமோ என்று அஞ்சி நிற்கும் இளைஞனின் வாழ்வு வீணாகலாமோ? அதைக் கேட்பார் எவருமில்லை.

தொடக்கத்திலேயே ஒன்றைத் தெளிவாக்கிவிடுவோம். ஓய்வூதியத்தின்மீது நமக்குப் பகையில்லை. அது அரசு இடும் பிச்சையன்று. உழைத்த காலத்தில் கொடுக்காமல் நிறுத்தி வைத்த கூலி. 1982 டிசம்பர் 17 அன்று நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றமே இதை ஒப்புக்கொண்டது. அந்தக் கூலியில் கை வைத்தவர்களை நாம் மறக்கவில்லை. 2003 ஏப்ரல் 1-க்குப் பின் தமிழக அரசுப் பணியில் சேர்ந்தோர் பங்களிப்புத் திட்டத்தில் தள்ளப்பட்டதையும், அவ்வாண்டு ஜூலையில் உரிமை கேட்டு வேலை நிறுத்தம் செய்த ஊழியரும் ஆசிரியரும் லட்சக்கணக்கில் ஒரே வீச்சில் பணிநீக்கம் செய்யப்பட்டதையும் நாடறியும். ஆகவே முதியவரின் ஓய்வூதியத்தில் ஒரு காசும் குறைக்கச் சொல்வது நம் நோக்கமன்று. ஓய்வூதியம் அவருடையது, நாற்காலி அவருடையதன்று. அது மக்களுடையது. இந்த வேறுபாட்டை மறைத்துத்தான் மறுநியமனம் என்னும் மாயம் நடக்கிறது.

மாயத்தின் கணக்கைப் பார்ப்போம். மைய அரசின் நிதித்துறை 2020 டிசம்பர் 9 அன்று விதித்த முறைப்படி, ஒப்பந்தத்தில் மீண்டும் அமர்த்தப்படும் ஓய்வு பெற்றவருக்கு அவர் இறுதியாகப் பெற்ற ஊதியத்தில் அடிப்படை ஓய்வூதியத்தைக் கழித்து, மீதியே ஊதியம். ஆண்டு உயர்வு இல்லை, அகவிலைப்படி இல்லை. இறுதி ஊதியம் 80,000 ரூபாய் என்று கொள்வோம். ஓய்வூதியம் அதில் பாதி, 40,000. எப்படியும் தந்தே ஆகவேண்டிய அந்த 40,000 போக, இன்னொரு 40,000 கொடுத்து முழு ஆளின் முழு உழைப்பையும் அரசு வாங்கிக்கொள்கிறது. பாதி விலைக்கு உழைப்பு! பெரியவரே, உம்மையும் அல்லவா ஏமாற்றுகிறார்கள்? அனுபவத்துக்கு மதிப்பளிப்பதாகச் சொல்லி, அனுபவத்தைத் தள்ளுபடி விலையில் அல்லவா கொள்முதல் செய்கிறார்கள்?

இளைஞனுக்கோ அந்தப் பாதியும் கிடைப்பதில்லை. 2022-இல் தமிழகத்தில் 13,331 ஆசிரியர் இடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் வழியாகத் தற்காலிகமாக நிரப்ப முனைந்தபோது, இடைநிலை ஆசிரியருக்கு முதலில் அறிவிக்கப்பட்ட மாத ஊதியம் 7,500 ரூபாய்! முதியவருக்கு மறுநியமனம், இளையவருக்குத் தற்காலிகம். இரண்டும் ஒரே மரத்தின் இரு கிளைகள். நிரந்தரப் பணியிடம் என்ற வேரை அறுப்பதே இரண்டின் வேலை.

ஆனால் காசுக் கணக்கைவிடக் கொடிய கணக்கு ஒன்று உண்டு. அது இனச்சுழற்சிக் கணக்கு.

தோழர்களே, அரசுப் பணி எப்படி நம் கைக்கு வந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். வகுப்புவாரி உரிமைத் தீர்மானத்துக்கு இடம் தர மறுத்த காரணத்தால் 1925-இல் காஞ்சி மாநாட்டிலிருந்து வெளியேறினார் பெரியார். 1928-இல் முத்தையா முதலியாரின் ஆணை, 12 இடங்களில் 5 பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு என்று வரையறுத்தது. 1929-இல் வேறெந்த மாகாணத்துக்கும் முன்பாகச் சென்னையில் தேர்வாணையம் எழுந்தது. தேர்வு, சுழற்சி என்னும் இரண்டு கதவுகளின் வழியாகத்தான் உழவன் மகனும் சலவைத் தொழிலாளி மகளும் அலுவலகத்துக்குள் நுழைந்தார்கள். மறுநியமனம் இந்த இரண்டு கதவுகளையும் தொடாமல் சுவரேறிக் குதிக்கிறது. அதற்குத் தேர்வுமில்லை, சுழற்சியுமில்லை.

"அவர்களும் இடஒதுக்கீட்டில் வந்தவர்கள்தாமே?" என்று கேட்பர் சிலர். கேட்கட்டும், ஆண்டுகளை எண்ணிப் பார்த்து விடை சொல்வோம். 2024 அக்டோபரில் ரயில்வே துறை, ஓய்வு பெற்றோரை 65 வயதுவரை மீண்டும் அமர்த்தி ஏறத்தாழ 25,000 இடங்களை நிரப்பப் போவதாக அறிவிப்பு வந்தது. அன்று 60 வயது நிரம்பியவர் 1964-இல் பிறந்தவர். 65 வயதினர் 1959-இல் பிறந்தவர். மண்டல் குழுப் பரிந்துரையை ஏற்பதாக வி.பி. சிங் அறிவித்தது 1990 ஆகஸ்டில். வழக்கு முடிந்து பிற்படுத்தப்பட்டோருக்கான 27 விழுக்காடு நடைமுறைக்கு வந்தது 1993 செப்டம்பரில். அப்போது இவர்களுக்கு வயது 29 முதல் 34. அதாவது, இவர்களில் பெரும்பாலோர் அந்த 27 விழுக்காடு பிறப்பதற்கு முன்பே பணியில் சேர்ந்தவர்கள்! இவர்களைத் திரும்ப அழைப்பதென்றால் மண்டலுக்கு முந்தைய இந்தியாவைத் திரும்ப அழைப்பதென்றே பொருள்.

அவ்வாண்டு ஆகஸ்டில் மைய அரசின் உயர் பதவிகள் 45-க்கு நேரடி நுழைவு என்று விளம்பரம் வந்தது. சமூகநீதிப் படை சீறி எழுந்தது. மூன்றே நாளில் விளம்பரம் பின்வாங்கியது. வெற்றி! மகிழ்ந்தோம். ஆனால் 45-க்கு எழுந்த முழக்கம், இரண்டே திங்கள் கழித்து 25,000-க்கு எழவில்லையே, ஏன்? 2019-இல் அதே ரயில்வே அறிவித்த 35,000-த்துச் சொச்சம் இடங்களுக்கு விண்ணப்பித்தவர் ஏறத்தாழ 1 கோடியே 25 லட்சம் பேர் என்பதை மறந்தோமோ? தேர்வு நடந்த முறையில் குமுறி, 2022 ஜனவரியில் பீகாரில் இளைஞர்கள் தண்டவாளத்தில் அமர்ந்ததையும் மறந்தோமோ?

தொலைவில் உள்ள பீகார் வேண்டா. வடக்கனந்தலில் நின்று பேசுவோம். இங்கிருந்து மேற்கே நோக்கினால் கல்வராயன் மலை. 1976 வரை ஜாகிர்தார்களின் பிடியில் கிடந்த மலை அது. அங்கு வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் பிள்ளைகள் இப்போதுதான் பட்டம் பெற்று இறங்கி வருகிறார்கள். தமிழகத்தில் பழங்குடியினருக்கென்று தனியாக 1 விழுக்காடு ஒதுக்கப்பட்டதே 1990-இல்தான். நூற்றில் ஒன்று! சுழற்சி நூறு படி நகர்ந்தால்தான் அந்தப் பிள்ளைக்கு ஓர் இடம். ஒரு நாற்காலியில் ஓய்வு பெற்றவரை மீண்டும் அமர்த்தினால் அந்தப் படி நகர்வதில்லை, சக்கரம் நிற்கிறது. சக்கரம் நின்றால் எல்லோருக்கும் இழப்புத்தான். ஆனால் வரிசையின் கடைசியில் நிற்பவனுக்கே பேரிழப்பு. அருந்ததியருக்கு 2009-இல் கிடைத்த 3 விழுக்காடு உள்ஒதுக்கீட்டின் கதியும் இதுவே. புதிய பணியிடம் பிறந்தால்தானே புதிய உரிமை உயிர்பெறும்?

இனி "அனுபவம்" என்னும் வாதம். அனுபவத்தை நாம் இகழவில்லை. ஆனால் ஒருவர் ஓய்வு பெறும் நாள் திடீரென்று விழும் இடியன்று. பணியில் சேர்ந்த அன்றே பணிப்பதிவேட்டில் பிறந்த நாளோடு எழுதப்பட்டுவிடுகிறது. முப்பது ஆண்டுகளாகத் தெரிந்த காலியிடத்தை நிரப்ப ஆளில்லை என்று முப்பதாம் ஆண்டின் இறுதியில் கைபிசைவது திறமையின்மையா, திட்டமிட்ட நாடகமா? இளையவரை ஓராண்டு முன்னதாக எடுத்து மூத்தவரிடம் பயில விட்டால், அனுபவமும் தங்கும், பணியிடமும் நிறையும். "அவரன்றி அலுவலகம் நடவாது" என்பது பகுத்தறிவன்று. அதுவும் ஒருவகை விக்கிரக வணக்கமே!

விலக்கே கூடாதென்று நாம் பிடிவாதம் செய்யவில்லை. கல்வியாண்டின் நடுவில் ஓய்வு பெறும் ஆசிரியரை ஆண்டு முடியும்வரை வைத்துக்கொள்ளும் வழக்கம் நம் மாநிலத்தில் உண்டு. அது நாற்காலிக்காக அன்று, மாணவனுக்காக. முடியும் நாளும் முன்பே தெரியும். அது நியாயம். அந்த அளவுகோலை எல்லாத் துறைக்கும் வையுங்கள் என்பதே நம் கோரிக்கை.

ஓராண்டு முன்னரே காலியிடத்தை அறிவியுங்கள். ஆறு திங்களுக்கு மேல் ஓய்வு பெற்றவர் அமரும் எந்த இடத்தையும் இனச்சுழற்சியில் சேருங்கள். எந்தத் துறையில் எத்தனை பேர் மறுநியமனத்தில் இருக்கின்றனர், எந்தெந்த வகுப்பினர் என்று ஆண்டுதோறும் வெள்ளை அறிக்கை வெளியிடுங்கள். மடியில் கனமில்லையேல் வழியில் பயமேன்?

இளைஞர்களே, முதியவரோடு சண்டையிடாதீர்கள். அவர் உங்கள் தந்தை. அவரையும் உங்களையும் ஒரே நாற்காலிக்கு மோதவிட்டு, இருவர் கூலியையும் மிச்சம் பிடிக்கும் அரசோடு சண்டையிடுங்கள். 2024-இல் தமிழகத்தின் நான்காம் தொகுதித் தேர்வில் 6,244 இடங்களுக்கு விண்ணப்பித்தோர் 20 லட்சத்துக்கும் மேல். அந்த 20 லட்சம் குரலும் ஒன்றாய் ஒலித்தால் எந்தக் கோட்டையின் கதவும் திறக்கும். முதியவருக்கு முழு ஓய்வூதியம். இளையவருக்கு முழுப் பணி! இதில் ஒன்றைக் காட்டி மற்றொன்றைப் பறிக்க எவருக்கும் உரிமையில்லை!