எழுதுகோல் யார் கையில்?

இந்தியக் கல்லூரிகளில் இடம் பெறுவதற்குப் பெரும்பாலும் மதிப்பெண்ணே வழி. மருத்துவக் கல்விக்கு 'நீட்', ஐ.ஐ.டி. போன்ற பொறியியல் நிறுவனங்களுக்கு 'ஜே.இ.இ.', 2022 முதல் மத்தியப் பல்கலைக்கழகங்களின் இளநிலைப் படிப்புகளுக்குப் பொது நுழைவுத் தேர்வு என ஒவ்வொன்றுக்கும் ஒரு தேர்வு உண்டு. அமெரிக்கக் கல்லூரிகள் பலவோ, மதிப்பெண்ணுடன் மாணவர் தம்மைப் பற்றித் தாமே எழுதும் கட்டுரை ஒன்றையும் கேட்கின்றன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகளுக்கு வழி திறக்கும் 'காமன் ஆப்' என்னும் பொது விண்ணப்பத்தில், அக்கட்டுரை 250 முதல் 650 சொற்களுக்குள் அமைய வேண்டும். பிரிட்டனில் 'யூகாஸ்' வழியாக விண்ணப்பிப்போர், இடைவெளிகளையும் சேர்த்து 4,000 எழுத்துகளுக்குள் தம் ஆர்வத்தை விளக்க வேண்டும்.

தேர்வுக்கே பழகிய மாணவர்களுக்கு இது புதிய சோதனை. ஆகவே, பெருநகரங்களில் கட்டணம் பெற்று வழிகாட்டுவோர் பெருகியுள்ளனர். அவர்களுள் படித்துப் பார்த்துக் கருத்துக் கூறுவோர் உண்டு. கட்டுரை முழுவதையும் தாமே எழுதிக் கொடுப்போரும் உண்டு. பிறர் உதவியை நாடுவதே தவறு என்பார் ஒருசாரார். எல்லாரும் செய்வதில் தவறென்ன என்பார் மற்றொரு சாரார். இவ்விரு கருத்துகளும் பொருந்துவன அல்ல. உதவி பெறுவது குற்றமன்று. எழுதுகோலைப் பிறர் கையில் கொடுப்பதே குற்றம்.

தமிழ் மரபில் நூல்கள் அவையில் அரங்கேறின. அவையிலிருந்த புலவர்கள் ஐயங்களை எழுப்பினர், தடைகளைக் கூறினர், நூலாசிரியர் அவற்றுக்கு விடை கூறினார். அவ்வினாக்களால் நூல் வேறொருவருடையதாகிவிடவில்லை. மாணவரின் கட்டுரையைப் படித்த ஆசிரியர், "இவ்விடம் தெளிவாக இல்லையே, அன்று உண்மையில் என்ன நடந்தது?" என்று கேட்பதும் அத்தகையதே. "நீ சொல், நான் எழுதித் தருகிறேன்" என்பது அவ்வாறன்று.

பிறர் எழுத வேண்டியது எது, தானே எழுத வேண்டியது எது என்பதையும் தமிழ் இலக்கணம் எண்ணிப் பார்த்துள்ளது. ஒரு நூலின் சிறப்பைக் கூறும் பாயிரத்தை நூலாசிரியரின் ஆசிரியர், உடன் கற்றவர், மாணாக்கர், தகுதியுடைய உரைகாரர் ஆகியோர் இயற்றலாம் என்கிறது நன்னூல். நூலை இயற்றும் கடமை ஆசிரியருக்கே உரியது. இன்றைய விண்ணப்பத்தில் பள்ளி ஆசிரியர் எழுதும் பரிந்துரைக் கடிதம் சிறப்புப் பாயிரம் போன்றது. கட்டுரையோ மாணவரே இயற்றும் நூல். கட்டுரை தம்முடையதே என மாணவர் உறுதியளித்துக் கையொப்பமிடுகிறார். செயற்கை நுண்ணறிவு எழுதியதைத் தமதெனக் காட்டுவதையும் மோசடி என்றே 'காமன் ஆப்' விதிகள் கொள்கின்றன.

தம்மைத் தாமே புகழ்ந்து எழுதக் கூசுவதாலும் பலர் பிறரை நாடுகின்றனர். தற்புகழ்ச்சி தகாது என்ற நன்னூலே அதற்கு நான்கு விலக்குகளையும் தருகிறது. அரசவைக்கு ஓலை எழுதுமிடமும், தம் ஆற்றலை அறியாதவர் நடுவும் அவற்றுள் அடங்கும். கல்லூரிக்கு எழுதும் கட்டுரைக்கு இவ்விரண்டும் பொருந்துகின்றன.

வேற்று மாநிலங்களில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதில் மற்றோர் இழப்பும் உண்டு. தில்லியில் வளரும் மாணவி ஒருத்தியை எண்ணிப் பார்க்கலாம். ஊரிலிருந்து வந்த பாட்டியைக் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறாள். "கண் கூசுது" என்கிறார் பாட்டி. அதற்குரிய இந்திச் சொல் அவளுக்கு உடனே தோன்றவில்லை. வெளிச்சத்தைப் பார்த்தால் கண்ணைத் திறக்க முடியவில்லையாம் என்று விளக்குகிறாள். மருத்துவர் கூறியதைப் பாட்டிக்குப் புரியும் தமிழில் சொல்கிறாள். நாள்தோறும் இரண்டு மூன்று மொழிகளுக்கிடையே நடமாடும் அவளுக்கு இது பெரிய செயலாகத் தோன்றாது. கூலிக்கு எழுதுபவர் அதைக் கேட்டறியவும் மாட்டார்; "தலைமைப் பண்பு", "சமூக சேவை" என எவர்க்கும் பொருந்தும் சொற்களை அடுக்கிவிடுவார். அவள் மட்டுமே எழுதக்கூடிய பக்கம் எழுதப்படாமலே போகும்.

"பணமுள்ளோர் எழுதி வாங்கும்போது, நேர்மையாக எழுதுபவர் பின்தங்க மாட்டாரா?" என்னும் வினா புறக்கணிக்கத் தக்கதன்று. சில நேரங்களில் அவ்வாறு நேரவும் கூடும். அதற்குத் தீர்வு எல்லாரும் விலைக்கு வாங்குவதன்று. நேர்மையான உதவி எல்லார்க்கும் கிடைக்கச் செய்வதே. மொழியாசிரியர்கள் வாரத்தில் ஒரு மணி நேரமாவது மாணவர் கட்டுரைகளைப் படித்து வினாக்கள் எழுப்பப் பள்ளிகள் இடமளிக்க வேண்டும். முன்னாள் மாணவர்களும் இதில் துணை நிற்கலாம். கல்லூரிகளுக்கும் பொறுப்பு உண்டு. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம், பள்ளியில் ஆசிரியர் மதிப்பிட்ட கட்டுரை ஒன்றையும் விண்ணப்பத்துடன் கேட்கிறது. மாணவரின் இயல்பான நடையை அறிய இது நல்ல வழி.

உதவியின் எல்லையை அளக்க எளிய முறை ஒன்று உண்டு. உதவுபவர் வினாக்களைத் தரலாம். வாக்கியங்களைத் தருதல் ஆகாது. எழுதி முடித்தபின் கட்டுரையின் எந்த வரியைச் சுட்டி "இது ஏன் இங்கே இருக்கிறது?" என்று கேட்டாலும், மாணவர் தாளைப் பாராமல் விடை கூற வேண்டும். கூற முடியாத வரி அவருடையதன்று. அதனை நீக்கிவிட்டுத் தமக்குத் தெரிந்ததை எழுதுவதே அவர் செய்யத்தக்கது.