தரவு இல்லை என்பது ஒரு பதிலா?

ஆறாவது மாதத்தில் எனக்குச் சளி பிடித்தது. வீட்டில் எல்லோருக்கும் வந்த சளிதான். கணவருக்கு மூன்று நாள் மூக்கொழுகி நின்றுவிட்டது. எனக்கு நாலாம் நாள் இரவு இழுப்பாக மாறியது. படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே விடிந்தது. அலமாரியில் இருந்த இன்ஹேலரை இரண்டு மாதமாக நான் தொட்டிருக்கவில்லை. “பிள்ளை பொறக்கிற வரைக்கும் அதை விட்டுடும்மா, வயித்துல இருக்கறதுக்கு ஆகாது” என்று மாமியார் சொல்லியிருந்தார். அம்மாவும் அதையேதான் சொன்னாள். வழக்கமாகப் பார்க்கும் டாக்டர், “முடிஞ்சா குறைச்சுக்கோங்க” என்றார். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளிலும், கர்ப்பிணிகளைப் பற்றிப் போதிய தரவு இல்லை என்றே போட்டிருந்தது.

மறுநாள் மருத்துவமனையில் நெபுலைசர் வைத்துக்கொண்டே கேட்டார்கள்: “இன்ஹேலரை ஏம்மா நிறுத்தினே?”

நாலு பக்கமிருந்தும் சொல்லி நிறுத்த வைத்தார்கள். கேள்வி மட்டும் என்னிடம் வந்தது.

ஆஸ்துமா உள்ளவர்கள் கர்ப்பத்திலும் சுவாச மருந்தைத் தொடர வேண்டும் என்றே சர்வதேச வழிகாட்டுதல்கள் சொல்கின்றன என்பது பிறகுதான் தெரிந்தது. இழுப்பு கட்டுக்கடங்காமல் போனால் தாய்க்கும் சிசுவுக்கும் சேரும் ஆபத்து, மருந்தின் ஆபத்தைவிடப் பெரிது. கர்ப்ப காலத்தில் ஆஸ்துமா முற்றுவதற்கு ஆய்வாளர்கள் சொல்லும் முக்கியக் காரணங்கள் இரண்டு: சுவாச வைரஸ் தொற்று, மருந்தை நிறுத்துவது. எனக்கு இரண்டுமே நடந்தன.

எனக்கு மாமியார் மேல் கோபமில்லை. அவருக்குத் தெரிந்ததைச் சொன்னார். ‘தரவு இல்லை’ என்ற அந்த வரியின் மேல்தான் கோபம். மழை பொய்த்தது போல அது தானாக நேர்ந்ததல்ல. யாரும் தேடாததால்தான் தரவு இல்லை.

ஏன் தேடவில்லை என்று கேட்டால் உடனே தாலிடோமைடைக் காட்டுவார்கள். 1950களின் இறுதியில் மசக்கைக்கென்று கொடுக்கப்பட்ட அந்த மருந்தால் பல நாடுகளில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கை கால் குறைபாட்டோடு பிறந்தன. கொடுமைதான். ஆனால் அது கர்ப்பிணிகளை ஆய்வில் சேர்த்ததால் வந்த கொடுமை அல்ல. கருவுக்கு என்ன செய்யும் என்று சோதிக்காமலே விற்றதால் வந்தது. அதிலிருந்து உலகம் கற்ற பாடமோ தலைகீழ். 1977இல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம், கருத்தரிக்கும் வயதிலுள்ள பெண்களை ஆரம்பக்கட்ட மருந்துச் சோதனைகளிலிருந்து விலக்கச் சொன்னது. கருத்தடை செய்துகொள்பவள், தனியாக வாழ்பவள், கணவன் குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டவள் என்று யாருக்கும் விதிவிலக்கில்லை. பெண் என்றால் நடமாடும் கருப்பை, அவ்வளவுதான். 1993இல் அந்தத் தடை விலகியது. கர்ப்பிணி மட்டும் வெளியிலேயே நின்றாள்.

அதன் விலையை 2021இல் நாமும் கொடுத்தோம். ஜனவரியில் இந்தியாவில் கொரோனா தடுப்பூசி தொடங்கியது. கர்ப்பிணிகள் சோதனைகளில் இல்லாததால் அவர்களுக்கு ஊசி இல்லை. ஏப்ரல், மே மாதங்களில் இரண்டாம் அலை வாரிக்கொண்டு போனது. அனுமதி வந்ததோ ஜூலையில். ஆய்வில் சேர்க்காமல் ‘காப்பாற்றிய’ பெண்களை வைரஸ் முன்னால் வெறுங்கையோடு நிறுத்தினார்கள்.

கர்ப்பிணியிடம் ஆய்வு செய்யவே முடியாது என்பதும் உண்மையல்ல. ஆஸ்திரேலியாவின் நியூகாசல் நகரத்து ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகச் செய்கிறார்கள். 2011இல் வெளியான அவர்களுடைய ஆய்வில் ஆஸ்துமா உள்ள 220 கர்ப்பிணிகள் பங்கேற்றார்கள். ஒரு பிரிவினருக்கு மூச்சுக்காற்றில் உள்ள நைட்ரிக் ஆக்சைடை அளந்து, அதற்கேற்ப இன்ஹேலர் மருந்தைக் கூட்டிக் குறைத்தார்கள். அந்தப் பிரிவில் ஆஸ்துமா முற்றும் நிகழ்வுகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. அடுத்த ஆண்டு வந்த இன்னொரு ஆய்வில், கர்ப்பிணிகள் கொடுத்த ரத்தத்தின் அணுக்களோடு சாதாரணச் சளியை உண்டாக்கும் ரைனோவைரஸைச் சோதனைக் கூடத்தில் சேர்த்துப் பார்த்தார்கள். வைரஸ் வந்ததும் உடல் எழுப்பும் முதல் தற்காப்பான இன்டர்ஃபெரானை அந்த அணுக்கள் குறைவாகவே சுரந்தன. கணவருக்கு மூன்று நாளில் போன சளி என்னிடம் இழுப்பானதற்கு அதில் ஒரு விளக்கம் இருந்தது. “உனக்கு உடம்பு வீக்கு” என்று கேட்டுக் கேட்டுக் குறுகியிருந்த எனக்கு, அதைப் படித்தபோது அழுகை வந்தது. இதைக் கண்டுபிடிக்க எந்த வயிற்றையும் கீற வேண்டியிருக்கவில்லை. கொஞ்சம் ரத்தம், கொஞ்சம் மூச்சு, அந்தப் பெண்ணின் சம்மதம் போதுமானதாக இருந்தது.

சம்மதம் என்றதும் தோழிகள் சிலர் என்னை எச்சரிக்கிறார்கள். ஏழைப் பெண்களின் உடம்பில் சோதனை செய்த கதைகள் நமக்குத் தெரியாதா என்கிறார்கள். தெரியும். கம்மம் மாவட்டத்தில் எச்.பி.வி. தடுப்பூசித் திட்டத்தில் விடுதி மாணவிகளுக்காக வார்டன்கள் கையெழுத்துப் போட்டதும், 2010இல் அந்தத் திட்டம் நிறுத்தப்பட்டதும் தெரியும். அந்த அச்சம் நியாயமானது. ஆனால் அங்கே அந்தப் பெண்களைக் கேட்காமல் சேர்த்தார்கள். இங்கே கேட்காமல் விலக்குகிறார்கள். இரண்டிலும் அவளை யாரும் கேட்கவில்லை. முன்னதற்கு மருந்து பின்னது அல்ல.

அதனால் நான் கேட்பது இதுதான். ஒரு மருந்துச் சோதனையில் கர்ப்பிணியைச் சேர்க்கவில்லையென்றால் அதற்கான காரணத்தை எழுத்தில் வைக்கட்டும். சேர்ப்பதற்குக் காரணம் கேட்கிறவர்கள், விலக்குவதற்கும் கேட்கட்டும். சேரும் பெண்ணுக்கு அவள் மொழியில் விளக்கட்டும். கையெழுத்தை அவளிடமே வாங்கட்டும், கணவனிடமோ மாமியாரிடமோ அல்ல. பாதியில் போதும் என்றால் விட்டுவிடட்டும். எந்த மருந்தைத் தொடரலாம் என்று ஏற்கெனவே தெரிந்ததை ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுவரில் தமிழில் ஒட்டட்டும்.

என் மகளுக்கு இப்போது மூன்று வயது. குளிர்காலம் வந்தால் அவளுக்கும் இழுக்கிறது. அவள் வளர்ந்து ஒருநாள் கர்ப்பமானால், இல்லாமலும் போனால், அது அவள் விருப்பம். ஆனால் அன்றைக்கும் அந்தத் தாளை விரித்து, “உன்னைப் பற்றி எங்களுக்குத் தெரியாது” என்று அவளிடம் சொல்வதற்கு யாருக்கும் உரிமை இல்லை.