காதலும் அணிப்பற்றும்: சிக்கல் நேரத்தில் இல்லை

வாளையார் எல்லைப் பகுதியில் வாழும் தமிழர்களை இரண்டு மஞ்சள் சட்டைகள் ஈர்க்கின்றன. கிழக்கே சென்னை சூப்பர் கிங்ஸ்; மேற்கே கேரளா பிளாஸ்டர்ஸ். ஐபிஎல் 2008இலும் ஐஎஸ்எல் 2014இலும் தொடங்கின. அதன் பிறகு இங்கும் பல வீடுகளின் மாலைப்பொழுதை ஆட்ட அட்டவணையே தீர்மானிக்கிறது. "நானா, உன் அணியா?" என்று காதலியோ மனைவியோ கேட்கும் கேள்வியை நகைச்சுவையாகவே கடந்துவிடுகிறோம். அது அவ்வளவு எளிய கேள்வி அன்று.

இதை நேரப் பங்கீட்டுச் சிக்கலாகப் பார்ப்பது வழக்கம். கணக்கிட்டால் அந்த வாதம் நிற்பதில்லை. ஐபிஎல் லீக் சுற்றில் ஓர் அணிக்கு 14 ஆட்டங்கள்; ஆட்டத்திற்கு நான்கு மணி நேரம் எனக் கொண்டாலும் மொத்தம் 56 மணி நேரம். ஏறத்தாழ இரண்டு மாதத்தில் இது நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கும் குறைவு. இதனால் மட்டும் எந்த உறவும் முறிவதில்லை.

கனடிய உளவியலாளர் ராபர்ட் வாலராண்ட் 2003இல் ஈடுபாட்டை இரண்டாகப் பிரித்தார். ஒன்று, வாழ்வின் பிற பகுதிகளோடு இணங்கிச் செல்வது. மற்றொன்று, மனிதரை ஆட்டிப்படைப்பது. கால்பந்து ரசிகர்களைப் பற்றி அவரது குழு 2008இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டாம் வகை ஈடுபாடே காதலுறவோடு மோதலை உண்டாக்கி உறவின் நிறைவைக் குறைப்பதாகத் தெரியவந்தது. ஆட்டத்தை எவ்வளவு நேரம் பார்க்கிறார் என்பதைவிட, வேண்டியபோது அதை விட்டு எழ முடிகிறதா என்பதே முக்கியம்.

2024இல் வெளியான 'லப்பர் பந்து' திரைப்படத்தில், நடுவயதைத் தொட்ட கெத்து, மனைவி யசோதைக்குத் தெரியாமல் கிரிக்கெட் ஆடப் போகிறான். அவன் ரசிகன் அல்லன், ஆட்டக்காரன். ஆயினும் சிக்கல் ஒன்றே. யசோதையைக் காயப்படுத்துவது மட்டையும் பந்தும் மட்டுமல்ல, மறைப்பும்தான்.

இதில் பால்நிலை அரசியலும் உண்டு. ஆணின் அணிப்பற்றுக்குத் தேநீர்க்கடையும் மன்றமும் பொதுத்திரையும் இடமளிக்கின்றன. அவன் ஆட்டம் பார்க்கும்போது அடுப்பையும் குழந்தையையும் கவனிப்பவரின் உழைப்பு யார் கணக்கிலும் சேர்வதில்லை. அதே பற்று பெண்ணுக்கு இருந்தால், திருமணத்தோடு அதை விட்டுவிட வேண்டும் என்ற எதிர்பார்ப்பு எழுகிறது. ஒருவரின் பற்றுக்கு மற்றவர் மட்டுமே விலை கொடுக்கும் ஏற்பாட்டைச் சமநிலை என்று அழைக்க இயலாது.

பிளாஸ்டர்ஸ் 2014, 2016, 2022 ஆகிய ஆண்டுகளின் இறுதிப்போட்டிகளில் தோற்றது. சென்னை 2025இல் கடைசி இடத்தில் முடித்தது. இத்தனைக்குப் பிறகும் அணியைக் கைவிடாத பொறுமை ரசிகர்களிடம் இருக்கிறது. அப்பொறுமையில் ஒரு பங்கையேனும், தோல்விக்கு மறுநாள் காலை எதிரே அமர்ந்திருக்கும் துணைக்கும் அவர்கள் அளிக்க வேண்டும்.

அட்டவணை வெளியாகும் நாளிலேயே எந்த ஆட்டங்களைத் தனியாகப் பார்ப்பது, எவற்றைச் சேர்ந்து பார்ப்பது, எவற்றை விட்டுவிடுவது என்று இருவரும் பேசி முடிவெடுக்கலாம். விட்டுவிடுவதாக ஒப்புக்கொண்ட ஆட்டத்தன்று முகம் சுளிக்காமல் இருக்க முடிந்தால், பற்று இன்னும் ரசிகரின் கைக்குள்தான் இருக்கிறது.