ஒரு நாள் வெளிக்கிடுவோம்



கல்லாற்றுப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய சங்கத்தில் இருபது பெண்கள். அரைவாசிப் பேர் கணவரை இழந்தவர்கள். சிலருடைய கணவர் காணாமல் போனவர்கள். “ஒருநாள் எல்லோரும் சேர்ந்து எங்கேயாவது போய்வர ஆசையாக இருக்கிறது. ஆனால் இவளுகளுக்கு என்ன டூர் வேண்டிக்கிடக்கு என்று ஊர் கதைக்குமே என்று பயம். எப்படி ஒழுங்கு செய்வது என்று எழுதுங்கள்” என்று கேட்டிருக்கிறார்.

நல்ல கேள்வி. இதற்கு நான் பதில் சொல்வதென்றால், முதலில் நான் விட்ட பிழையைத்தான் சொல்ல வேண்டும்.

2015ஆம் ஆண்டு. நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. மட்டக்களப்பு நகரை அண்டிய ஒரு மாதர் சங்கத்துக்கு ஒருநாள் சுற்றுலா ஒழுங்கு செய்யும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. பணம் நிறுவனத்தினுடையது, பஸ்ஸும் நிறுவனத்தினுடையது. இடத்தைத் தெரிவு செய்ததும் நான்தான். பாசிக்குடா. நகரிலிருந்து 35 கிலோமீற்றர்தான். ஆழம் குறைந்த கடல். வெகுதூரம் நடந்து போனாலும் இடுப்பளவுதான் தண்ணீர். பெண்களும் பிள்ளைகளும் பயமில்லாமல் குளிக்கலாம். இதைவிட நல்ல இடம் கிடைக்குமா என்று நினைத்தேன்.

பஸ் கடற்கரையில் நின்றதும் எல்லோரும் இறங்கினார்கள். ஒருவர் மட்டும் இறங்கவில்லை. கடைசி சீற்றில், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். தலையிடியாக்கும் என்று நினைத்துப் பனடோல் கொண்டு போனேன். அவர் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகுதான் பக்கத்து வீட்டுப் பெண் எனக்குச் சொன்னா: “மிஸ், அவ நாவலடி. 2004இல் ரெண்டு பிள்ளைகளையும் அலை கொண்டுபோனது. அதுக்குப் பிறகு கடலைப் பார்க்கிறல்ல.”

சுனாமி வந்தபோது எனக்குப் பதினாறு வயது. நாவலடி என்ற பெயரை அந்த டிசம்பர் 26ஆம் திகதிக்குப் பிறகு எத்தனை தரம் கேட்டிருப்பேன்! சங்கப் பதிவேட்டில் அவருடைய பழைய முகவரியும் இருந்தது. பார்க்கவில்லை. பிறகு அந்தப் பயணத்தின் அறிக்கையில் “அனைவரும் மகிழ்ச்சியாகப் பங்குபற்றினர்” என்று ஒரு வரி எழுதினேன். அந்த அறிக்கை இப்போதும் ஏதோ ஒரு அலுமாரியில் இருக்கும்.

ஆகவே கல்லாற்றுச் சகோதரிக்கு நான் முதலில் சொல்வது இதுதான். எங்கே போவோம் என்று கேட்பதற்கு முன்னர், எங்கே போகக் கூடாது என்று கேளுங்கள். கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லச் சொல்லாதீர்கள். ஒருவரும் சொல்ல மாட்டார்கள். தண்ணீர் அள்ளும்போது, சீட்டுக் காசு வாங்கப் போகும்போது, தனித்தனியாகக் கேளுங்கள். ஒருவருக்குக் கடல் ஏலாது. இன்னொருவருக்கு முகாமுக்குப் பக்கத்தால் போகும் ஒரு வீதி ஏலாது. ஏன் என்று தோண்ட வேண்டாம். ஏலாது என்றால் ஏலாதுதான்.

மட்டக்களப்பிலிருந்து காலையில் வெளிக்கிட்டுப் பொழுதுபடுவதற்குள் திரும்பக்கூடிய இடங்கள் எங்களைச் சுற்றி நிறைய இருக்கின்றன. பணமே இல்லாத சங்கமென்றால் கொக்கட்டிச்சோலைக்குப் போகலாம். தான்தோன்றீஸ்வரர் கோயிலின் கல் நந்தி புல் தின்று பறங்கியரை ஓட வைத்த கதை எல்லோருக்கும் தெரியும். முன்பு மண்முனைத்துறையில் பாதைக்குக் காத்து நின்றுதான் வாவியைக் கடக்க வேண்டும். 2014இல் பாலம் திறந்த பிறகு பஸ்ஸிலேயே போய்விடலாம். எழுவான்கரையில் பிறந்து வளர்ந்து, யுத்த காலம் முழுவதும் படுவான்கரையைக் கண்ணால் காணாத பெண்கள் எத்தனையோ பேர். வாவிக்கு அந்தப் பக்கம்தான், ஆனால் வெளிநாடு மாதிரி இருந்தது. கோயில் என்றபடியால் வீட்டிலும் ஒருவரும் மறுப்புச் சொல்ல மாட்டார்கள். ஊர் வாய்க்குப் பயந்த சங்கங்கள் முதல் பயணத்தைக் கோயிலாக வைத்துக்கொள்வது கெட்டித்தனம்.

கொஞ்சம் காசும் துணிவும் உள்ளவர்கள் பொலன்னறுவைக்குப் போகலாம். 100 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. ரயிலில் போனால் ஒன்றை மறக்க வேண்டாம். புகையிரத நிலையம் இருப்பது கதுருவெலவில். பழைய நகரம் அங்கிருந்து நாலைந்து கிலோமீற்றர் தள்ளி. இதைத் தெரியாமல் போய் வெயிலில் நடந்து களைத்த சங்கமொன்றை எனக்குத் தெரியும். அங்கே சோழர் காலத்தில் கருங்கல்லில் கட்டிய சிவன் கோயில் ஒன்று இருக்கிறது. வானவன்மாதேவி ஈஸ்வரம் என்று ஒரு இராணியின் பெயரால் அழைக்கப்பட்டது. சுமார் ஆயிரம் வருடமாக நிற்கிறது. ஆனால் திரும்பி வரும் ரயில் நேரம் உங்களுக்குத் தோதாக இருக்குமோ என்பதை முதலே நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் திரும்புவதற்கு பஸ்தான்.

பாசிக்குடாவுக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடலை விரும்புகிறவர்களுக்கு அது அருமையான இடம். சித்திரை முதல் ஆவணி வரை கடல் அமைதி. கார்த்திகை, மார்கழி மழையோடு வாடைக்காற்று தொடங்கினால் அந்தப் பக்கம் பிள்ளைகளைக் கொண்டு போகாதீர்கள். கச்சான் காற்றுக் காலத்தில் எங்கே போவதென்றாலும் விடியப்புறமே வெளிக்கிட வேண்டும். பதினொரு மணிக்குப் பிறகு அந்தச் சூட்டில் மனிசர் நடக்க முடியாது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த பயணம்.

பாசிக்குடாவுக்குப் போன அதே சங்கம், 2023இல் தாங்களாகவே ஒரு பயணம் ஒழுங்கு செய்தார்கள். நிறுவனப் பணம் இல்லை. 26 பேர், ஆளுக்கு வாரம் 50 ரூபாய், பத்து மாதம் சேர்த்தார்கள். எரிபொருள் விலை ஏறிய காலம் அது. பஸ் வாடகையை நினைத்து இரண்டு தரம் கைவிடப் பார்த்தார்கள். நான் சும்மா கூடப் போனவள்தான். தெரிவு செய்த இடம் மகாஓயா வெந்நீர் ஊற்று. செங்கலடியால் திரும்பி, கரடியனாறு, புல்லுமலை தாண்டிப் போகும் பதுளை வீதி. நகரிலிருந்து சுமார் 60 கிலோமீற்றர். “முழங்கால் நோவுக்குச் சுடுதண்ணி நல்லம்” என்று வீட்டில் சொல்லக்கூடிய ஒரு காரணமும் கிடைத்தது. கடல் இல்லை. நாவலடி அக்காவும் பெயர் கொடுத்தார்.

அவர்கள் ஒழுங்கு செய்த விதத்தைப் பார்த்து நான் வெட்கப்பட்டேன். பட்டப்படிப்பில் எனக்கு ஒருவரும் சொல்லித்தராத விடயங்கள். முதலாவது கேள்வி, மலசலகூடம் எங்கே? இரண்டு பேர் முதல் கிழமையே அந்த வீதியால் பஸ்ஸில் போய், எந்தக் கடையில், எந்தக் கோயிலில் வசதி உண்டு, கதவுக்குக் கொண்டி இருக்கிறதா என்று பார்த்து வந்தார்கள். பெண்கள் வெளியே போனால் தண்ணீர் குடிக்காமல் இருந்து நாரிநோவும் சலக்கடுப்பும் தேடிக்கொள்வது ஏன்? இந்த ஒரு விடயத்தை ஒருவரும் முதலில் யோசிக்காததால்தான்.

செயற்கைக் கால் போட்ட தங்கச்சி ஒருத்தி இருந்தாள். அவளுக்கு முன் சீற். ஈரத்தில் வழுக்குமென்று கால் கழுவ ஒரு பிளாஸ்டிக் கதிரையும் பஸ்ஸில் ஏற்றினார்கள். மாதவிடாய்த் துணியும் பழைய பேப்பரும் ஒரு பையில். உடுப்பு மாற்ற மறைப்புக்கு இரண்டு பழைய சாறி, நாலு கயிறு. சிங்களம் நன்றாகக் கதைக்கும் ஒருவருக்கு டிக்கற் எடுப்பது, வழி கேட்பது எல்லாம் பொறுப்பு. அவர் மத்திய கிழக்கில் சிங்களப் பெண்களோடு வேலை செய்தவர். எல்லோருக்கும் அடையாள அட்டை. சோதனைச் சாவடி இருக்கோ இல்லையோ, அட்டை கையில் இல்லாவிட்டால் எங்கள் பெண்களுக்கு வயிறு கலங்கும். கைக்குழந்தைக்காரி ஒருவர் வர முடியாதென்றபோது, வராமல் நின்ற கிழவி ஒருவர் மற்றப் பிள்ளைகளைப் பார்க்க ஒத்துக்கொண்டார்.

சாப்பாடு பற்றிப் பெரிய விவாதம் நடந்தது. பார்சல் வாங்குவோம் என்றார்கள் சிலர். ஒருநாளாவது அடுப்படிக்கு லீவு வேண்டும் என்றார்கள். காசு போதாது என்றார்கள் மற்றவர்கள். கடைசியில் ஆளுக்கொரு பொருள் என்று முடிவானது. பிட்டு ஒருவர், மாசிச் சம்பல் ஒருவர், வாழைப்பழக் குலை ஒருவர். சங்கத் தலைவி தயிர்ச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டே வந்தா.

ஊர்க் கதைக்கு என்ன செய்தார்கள் என்று கேட்பீர்கள். கதை வந்ததுதான். “புருஷன் இல்லாதவளுக்குப் பொழுதுபோக்கு” என்று ஒரு மாமி சந்தியில் நின்று சொன்னாவாம். தலைவி அந்த மாமியின் வீட்டுக்கே போய், “மாமி, நீங்களும் வாங்க, சீற் இருக்கு” என்று கூப்பிட்டிருக்கிறா. மாமி வரவில்லை. ஆனால் மருமகளை விட்டா.

பல்கலைக்கழகத்தில் ஓய்வு நேரம் பற்றி எங்களுக்கு ஒரு பாடம் இருந்தது. வேலைக்குப் போகும் ஆணின் நாளை எட்டு மணி வேலை, எட்டு மணி தூக்கம், எட்டு மணி ஓய்வு என்று பிரித்துக் காட்டினார்கள். அந்தக் கணக்கில் இந்த 26 பேரில் ஒருவரையும் போட முடியாது. இரவு பதினொரு மணிக்கு இடியப்பத்துக்கு மா வறுக்கும் பெண்ணின் ஓய்வு எந்தப் பெட்டிக்குள் வரும்? சரி, அது இருக்கட்டும்.

புல்லுமலைக்குக் கிட்டப் போனதும், நடு சீற்றில் இருந்த ஒரு அக்கா சாரதியிடம் பஸ்ஸை நிற்பாட்டச் சொன்னார். 90ஆம் ஆண்டு கலவரத்தில் அங்கிருந்து ஓடி வந்தவர். இத்தனை வருடம் அவரை நாங்கள் நகரத்து ஆள் என்றே நினைத்திருந்தோம். இறங்கி, வீதியிலிருந்து காட்டுக்குள் கொஞ்சத் தூரம் நடந்தார். நாங்களும் பின்னால் போனோம். அவருடைய காணி எதுவென்று அவருக்கே நிச்சயமில்லை. ஒரு புளியமரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். “இதாத்தான் இருக்கும். இல்ல, அங்கால கிணறு ஒண்டு இருந்தது” என்றார். கிணறு கிடைக்கவில்லை. கீழே விழுந்து கிடந்த புளியம்பழம் கொஞ்சத்தைச் சாறித் தலைப்பில் கட்டிக்கொண்டு வந்து ஏறினார். முக்கால் மணி நேரம் போய்விட்டது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், பழைய பழக்கம். வேறு ஒருவரும் பார்க்கவில்லை.

ஊற்றுக்குப் போய்ச் சேர வெயில் ஏறிவிட்டது. கிணறு கிணறாகத் தண்ணீர். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு, சிலதில் கை வைக்க முடியாது. வாளியில் அள்ளி ஆறவிட்டு, குறுக்குக் கட்டோடு ஒருவருக்கொருவர் முதுகில் ஊற்றினார்கள். செயற்கைக் காலைக் கழற்றிக் கதிரைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அந்தத் தங்கச்சி தொடையில் சுடுதண்ணீர் விட்டுக்கொண்டு சிரித்த சிரிப்பு இருக்கிறதே! சிங்களக் குடும்பமொன்று வந்திருந்தது. அவர்களுடைய பாட்டியும் எங்கள் கிழவிமாரும் முழங்காலைத் தொட்டுக் காட்டித் தங்கள் தங்கள் பாஷையில் நோவைக் கதைத்தார்கள். மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

திரும்பும்போது இருட்டிவிட்டது. புளியமரத்தடியில் போன முக்கால் மணி நேரத்தை எங்கும் பிடிக்க முடியவில்லை. இரண்டு வீட்டில் ஏச்சு விழுந்தது. ஆகவே கல்லாற்றுச் சகோதரி, திரும்பும் நேரத்தை வீட்டில் சொல்லும்போது ஒரு மணித்தியாலம் கூட்டியே சொல்லுங்கள். எங்கள் பெண்களோடு இந்தப் பக்கத்து வீதிகளில் போனால், எங்கேயோ ஓரிடத்தில் யாரோ பஸ்ஸை நிற்பாட்டச் சொல்லுவார்கள். அதற்கும் நேரம் வைக்க வேண்டும்.

சென்ற மாதம் அடுத்த பயணத்துக்கு இடம் தெரிவு செய்யக் கூடினார்கள். இளம் பிள்ளைகள் பாசிக்குடா என்றார்கள். எல்லோரும் நாவலடி அக்காவைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “போவம். நான் இறங்க மாட்டன். பஸ்ஸை வெயில்ல விடாம மரத்துக்குக் கீழ விடச் சொல்லு புள்ள” என்றார். பிறகு, “போன முறை அவிஞ்சு போனன்” என்றும் சொன்னார்.

எட்டு வருடத்துக்கு மேலாக அதை அவர் என்னிடம் சொல்லவில்லை. சாரதியிடம் அன்றைக்கே தொலைபேசியில் சொல்லி வைத்துவிட்டேன். நிழல் உள்ள இடமாகப் பார்த்து வைக்கிறேன் என்றிருக்கிறார்.