கூரையில் ஏற்றிச் செல்லும் நட்டம்

வர்த்தக நண்பர்களிடம் ஒரு கேள்வி. உங்கள் வேனின் ஹூட் ராக்கைக் கடைசியாக எப்போது ஏறிப் பார்த்தீர்கள்? சாமான் ஏற்றுவதற்காக ஏறியதைக் கேட்கவில்லை. ராக் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்காகவே ஏறியது எப்போது?

நான் பதினாறு வருடங்களாக ஏறவில்லை. அதனால் எனக்கு ஏற்பட்ட நட்டத்தையும், அதைவிடப் பெரியதாக ஏற்பட்டிருக்கக் கூடிய ஒன்றையும் எழுத வேண்டும் என்று நினைத்தேன். எம்மில் பலர் இன்று இதே நிலையில்தான் வீதியில் ஓடிக் கொண்டிருக்கிறோம்.

எனக்கு அக்குறணையில் புடைவைக் கடை. வாரத்துக்கு ஒரு முறை புறக்கோட்டைக்குச் சென்று சரக்கு எடுத்து வருவேன். வேன் 1995ஆம் ஆண்டுத் தயாரிப்பு டொல்பின். 2008இல் வாங்கினேன். வாங்கும்போதே ஜி.ஐ. பைப்பில் செய்த ராக் ஒன்று அதன் மேல் இருந்தது.

2024ஆம் ஆண்டு ஒக்டோபர் மழையில் ஒரு நாள் சரக்கைப் பிரித்தபோது ஒரு பொதியில் பன்னிரண்டு சேலைகள் ஈரமாகி, மடிப்பு நெடுகிலும் மண்ணிறக் கறை படிந்திருந்தது. உதவிக்கு நிற்கும் பையனுக்கு ஏசினேன்.

"தம்பி, தறப்பாலை ஒழுங்காகக் கட்டச் சொல்லி எத்தனை தரம் சொல்றது?"

"நானா, இது மேல வந்த பொதி இல்ல. உள்ளுக்கு, பின் சீட்டுக்குப் பக்கத்துல வந்த பொதி" என்றான் அவன்.

வேனுக்குள் ஏறி மேலே பார்த்தேன். உட்கூரைத் துணியில் இரண்டு கை அகலத்துக்குக் கறை. அதற்கு நேர் மேலே ராக்கின் பின்பக்க இடது கால் இருந்தது. அந்தக் காலை 2021இலும் 2022இலும் 2023இலுமாக மூன்று தடவை வெல்டிங் செய்திருந்தேன்.

கட்டுகஸ்தோட்டையில் எனக்குத் தெரிந்த டிங்கர் பாஸ் ஒருவரிடம் கொண்டு போனேன். அவர் ராக்கைத் தொடவே இல்லை. ஒரு ஸ்குரூ டிரைவரை எடுத்துக் கூரை ஓரத்துப் பீலியைத் தட்டிக் கொண்டே வந்தார். கால் இருந்த இடத்தில் அது பிஸ்கட்டில் இறங்குவது போல் உள்ளே இறங்கியது. "ராக்குக்கு ஒன்றுமில்லை. ராக் நிற்கிற இடம்தான் முடிந்திருக்கிறது. இதற்கு மேல் பாரம் ஏற்றாதீர்கள்" என்றார்.

பெருநாள் சீசனோ வருட இறுதியோ வந்தால் எமது மனம் எப்படி வேலை செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். டிசம்பர் சரக்கு எடுக்க வேண்டியிருந்தது. 'இந்த ஒரு பயணம் மட்டும்' என்று எட்டுப் பொதிகளை மேலே ஏற்றிக் கொண்டு திரும்பினேன்.

கடுகண்ணாவை ஏற்றத்தில் வலப்பக்கம் திரும்பும் ஒரு வளைவில், எதிரே வந்த லொறி எங்கள் பக்கம் சற்று ஏறி வந்தது. பிரேக் பிடித்தேன். மேலே பாரம் இடப்பக்கம் சாய்ந்தது. கறள் பிடித்த பீலி மடிந்து, கால் நழுவி, இரண்டு பொதிகள் இடப்பக்கமாக வீதியில் விழுந்தன. பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. தகப்பனும், பாடசாலைச் சீருடையுடன் ஒரு மகளும். அவர் கானோரமாக வெட்டி எடுத்து, பொதிக்கு ஒரு முழம் தள்ளி நிறுத்தினார். அல்ஹம்துலில்லாஹ், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அந்த மனிதர் என்னை ஏசவில்லை. மகளின் ஹெல்மட்டைக் கழற்றிப் பார்த்து விட்டு, பொதிகளை ஓரத்துக்கு இழுக்க எனக்குக் கை கொடுத்தார். ஏசியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

எப்படி இந்த நிலைக்கு வந்தோம்?

பழைய வாகனத்தை வைத்திருப்பது எமது குற்றமல்ல. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அது மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்து வருடங்களில் பழைய வேனின் விலையே எட்டாத உயரத்துக்குப் போனது. 2022இல் ரூபாவின் பெறுமதி சரிந்தபோது உதிரிப் பாகங்களின் விலையும் கூடவே ஏறியது. இருப்பதைத் திருத்தித் திருத்தி ஓடுவதைத் தவிர வழி இருக்கவில்லை.

அதே 2022 ஜூலையில் கியூ.ஆர். முறையில் எரிபொருளுக்கு வாராந்தக் கோட்டா வந்தது. இரண்டு பயணத்தில் கொண்டு வரும் சரக்கை ஒரே பயணத்தில் கொண்டு வரப் பழகினோம். உள்ளே இடம் போதாத போது கூரையில் ஏற்றினோம். 2023 செப்டெம்பரில் அந்த முறை நீக்கப்பட்டது. எங்கள் பழக்கம் நீங்கவில்லை.

திருத்துவதா, மாற்றுவதா?

இந்தக் கேள்விக்கு என் அனுபவத்தில் ஒரே பதில்தான். முதலில் ராக்கைப் பார்க்காதீர்கள், பீலியைப் பாருங்கள்.

இந்தக் காலத்து வேன்களில் கூரைத் தகடும் பக்கத் தகடும் சேரும் பொருத்தில்தான் பீலி இருக்கிறது. ராக்கின் கால்கள் அதைத்தான் பிடித்து நிற்கின்றன. கூரைத் தகடோ ஒரு மில்லிமீற்றர் கூடத் தடிப்பில்லை. கால் உரசி முதலில் பெயின்ட் போகும். பிறகு பொருத்தை மூடியிருக்கும் பசை வெடிக்கும். காலுக்கு அடியில் தேங்கும் தண்ணீர் வெயிலிலும் காயாது. கறள் வெளியே தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும். ஒரு கால் பிடி விட்டால் அதன் பாரம் அடுத்த காலுக்குப் போகும். அதுவும் சீக்கிரம் உடையும். நான் மூன்று தடவை ஒட்டியது விளைவை மட்டும்தான். காரணம் கீழே இருந்தது.

எனவே பீலி நல்லதாக இருந்து, ராக்கில் ஒரு குழாயோ காலோ மட்டும் வெடித்திருந்தால் தாராளமாகத் திருத்தலாம். பீலி போயிருந்தால் முதலில் டிங்கர் வேலை, பிறகுதான் ராக். பழுதான பகுதியை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து, பொருத்துக்குப் பசை போட்டுப் பெயின்ட் அடிக்க வேண்டும். புட்டி பூசி மறைத்தால் மூன்று மாதம் தாங்கும், அவ்வளவுதான். ராக்கின் குழாய்களே உள்ளிருந்து கறள் பிடித்திருந்தால் திருத்த வேண்டாம். சுத்தியலால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். நல்ல குழாய் கணீரென்று ஒலிக்கும். போன குழாய் மந்தமாகச் சத்தம் தரும், கறள் தூளும் கொட்டும்.

வெல்டிங் செய்யும்போது

வேனின் மேல் வைத்தே வெல்டிங் செய்ய விடாதீர்கள். நான் மூன்று தடவையும் அப்படித்தான் செய்வித்தேன். தீப்பொறியில் சுற்றிலும் பெயின்ட் வெந்து கறளுக்கு வழி திறந்தது. உட்கூரையின் பஞ்சும் துணியும் தீப்பற்றக் கூடியவை. இலத்திரனியல் பெட்டிகள் உள்ள சற்றுப் புதிய வாகனமென்றால் அவையும் பழுதாகலாம். போல்ட்டைக் கழற்றி, ராக்கைக் கீழே இறக்கி ஒட்டச் சொல்லுங்கள். பீலியில் வேலை இருந்து வாகனத்தில்தான் ஒட்ட வேண்டுமென்றால், பெட்டரியின் வயரைக் கழற்றி, உட்கூரையையும் இறக்கி விட்டுத் தொடங்க வேண்டும்.

ஜி.ஐ. பைப்பை ஒட்டுவதானால் ஒட்டும் இடத்தில் நாகப் பூச்சைச் சுரண்டி எடுக்க வேண்டும். எடுக்காமல் ஒட்டினால் பிடிப்பும் குறையும், அந்தப் புகையைச் சுவாசிக்கும் பாஸுக்குக் காய்ச்சலும் வரும். பூச்சுப் போன இடத்தில் மீண்டும் நாகப் பெயின்ட் அடிக்காவிட்டால் அடுத்த மழைக் காலத்தில் கறள் அங்கிருந்துதான் தொடங்கும்.

புதியதாக வாங்கும்போது

பஞ்சிகாவத்தையில் பாவித்த ராக்குகள் கிடைக்கின்றன. அவற்றை வாங்குவதில் தவறில்லை. ஆனால் உங்கள் வேனின் மாதிரிக்கே உரியதாக இருக்க வேண்டும். கால்களை வளைத்துப் பொருத்தித் தருகிறேன் என்றால் வாங்க வேண்டாம். கால்கள் எத்தனை என்று எண்ணுங்கள். கால்கள் கூடினால் பாரம் பிரிந்து இறங்கும்.

அலுமினிய ராக் விலை கூட. ஆனால் நிறை குறைவு. அந்த மிச்ச நிறைக்குச் சரக்கு ஏற்றலாம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். அலுமினியமும் இரும்பும் ஈரத்தில் நேருக்கு நேர் தொட்டுக் கொண்டிருந்தால் அரிப்பு வேகமாகும். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றுக்கு இது இன்னும் விரைவு. இடையில் இறப்பர் வைக்க வேண்டும். அந்த இறப்பருக்கு அடியிலும் தண்ணீர் நிற்கும் என்பதால் வருடத்துக்கு ஒரு முறையாவது கழற்றித் துடைக்க வேண்டும். புது ராக் பொருத்தி முதல் நூறு கிலோமீற்றர் ஓடியதும் எல்லா நட்டுகளையும் மீண்டும் இறுக்குங்கள். அவை கட்டாயம் சற்றுத் தளர்ந்திருக்கும்.

எவ்வளவு ஏற்றலாம்?

ராக் எவ்வளவு தாங்கும் என்று விற்பவர் சொல்வார். எமக்கு வேண்டியது கூரை எவ்வளவு தாங்கும் என்பது. அது வாகனத்தின் கைநூலில் இருக்கிறது. கார்களுக்குப் பெரும்பாலும் 50 முதல் 100 கிலோவுக்குள்தான் வரும். வேனுக்கு அந்தந்த மாதிரியின் கைநூலைப் பாருங்கள். ராக்கின் சொந்த நிறையையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. என் பழைய ராக்கை நிறுத்துப் பார்த்தேன், 40 கிலோ. அதன் மேல் 35 கிலோப் பொதிகள் எட்டு ஏற்றினேன். மொத்தம் 320 கிலோ!

காய்ந்த வீதியில் பலமாகப் பிரேக் பிடித்தால் சாமானின் நிறையில் ஏறத்தாழ முக்கால் பங்கு அளவுக்கு விசை முன்னோக்கித் தள்ளும். 280 கிலோச் சரக்கென்றால் இருநூறு கிலோவுக்கு மேல். அதைத் தாங்குவது எமது கயிறும் அந்தப் பீலியும்தான். உயரத்தில் பாரம் கூடக் கூட வளைவில் வாகனம் சாய்வதும் கூடும். ஆகவே பாரமானவை உள்ளே, தரையோடு. இலேசானவை மட்டும் மேலே.

கணக்குப் பார்ப்போம்

என் கணக்குக் கொப்பியில் இருப்பதை அப்படியே தருகிறேன். மூன்று வெல்டிங் வேலைக்கு 15,000 ரூபா. கறை படிந்த சேலைகள் 28,800. உட்கூரைத் துணி மாற்ற 18,000. வீதியில் விழுந்த சரக்கைக் குறைத்து விற்றதில் 22,000. மொத்தம் 83,800 ரூபா. கடைசியில் பீலி வேலைக்கு 38,000 ரூபாவும், புது ராக்குக்கு 55,000 ரூபாவும் கொடுத்தேன். அதாவது 93,000. வேலையைச் செய்யாமல் இருந்ததற்கு, செய்ததற்குக் கொடுத்ததில் கிட்டத்தட்ட பத்தில் ஒன்பது பங்கு கொடுத்திருக்கிறேன். 2021இல், பீலியில் கறள் ஒரு விரல் நீளம் இருந்தபோதே பார்த்திருந்தால் அந்த இடத்தை மட்டும் வெட்டி ஒட்டியிருக்கலாம்.

'வியாபாரம் இருக்கும் நிலையில் ராக்குக்குச் செலவழிக்க முடியுமா?' என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பணம் இல்லாவிட்டால் ராக்கைக் கழற்றி வீட்டில் வைத்து விட்டு, உள்ளே பிடிப்பதை மட்டும் ஏற்றுங்கள். வெறும் ராக்கைச் சுமந்து ஓடினாலும் காற்றுத் தடையால் டீசல் வீணாகும். சீசனுக்குச் சரக்கு கூடுதலாக வேண்டுமா? எமது கடைத்தெருவில் ஒரே வாரத்தில் எத்தனை பேர் புறக்கோட்டைக்குப் போகிறோம்! நான்கு பேர் சேர்ந்து ஒரு லொறி பிடித்தால் என்ன? 2025 சீசனுக்கு நாங்கள் மூன்று கடைக்காரர்கள் அப்படிச் செய்தோம். கூலியைப் பொதிக் கணக்கில் பிரித்தோம். ஒருவர் எங்கே கொள்வனவு செய்கிறார் என்பது மற்றவருக்குத் தெரிந்து விடும் என்ற பயம் முதலில் இருந்தது. புறக்கோட்டையில் அது யாருக்குத்தான் தெரியாது?

ஒரு யார் துணியில் ஐந்து ரூபாவுக்குப் பேரம் பேசுகிறோம். அந்தத் துணியைச் சுமந்து வரும் ராக்கை உடைந்த பிறகுதான் பார்க்கிறோம். வாடகை, மின்சாரம் போல ராக்குக்கும் பீலிக்கும் வருடாந்தக் கணக்கில் ஒரு வரி ஒதுக்குங்கள். பின்னால் வருபவருக்கு எமது இலாப நட்டத்தில் பங்கில்லை. எமது பொதி மட்டும் அவர் மேல் விழக் கூடாது.

நாளை காலை கடை திறக்கும் முன் ஒரு ஸ்குரூ டிரைவரை எடுத்துக் கொண்டு வேனின் மேல் ஏறுங்கள். ஒவ்வொரு காலுக்கு அடியிலும் பீலியைத் தட்டிப் பாருங்கள். பத்து நிமிட வேலை.