சிறுநீரகமும் வாதுமையும்

இரும்பைத் துரு அரிப்பது கண்ணுக்குத் தெரியும். உடம்பினுள் நிகழும் அரிப்போ தெரிவதில்லை. நமது சிறுநீரகங்கள் தினந்தோறும் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடித்து, பெரும்பகுதியைத் திரும்ப உறிஞ்சுகின்றன. இவ்வுழைப்புக்குப் பிராணவாயு ஏராளமாக வேண்டும். அது செலவாகையில் பிறக்கும் சில உக்கிரப் பொருள்கள் உயிரணுக்களின் மெல்லிய சவ்வைக் கெடுக்கின்றன. அக்கேட்டைத் தடுப்பதில் 'ஈ' ஜீவசத்துக்குப் பங்குண்டு. ஒரு கைப்பிடி வாதுமையில், அதாவது 28 கிராமில், அது சுமார் 7 மில்லிகிராம். ஒரு நாளைத் தேவையில் ஏறக்குறையப் பாதி. வாதுமை வாங்க வசதியில்லாதோர்க்கு நிலக்கடலை இருக்கிறது. சத்து குறைவாயினும் உண்டு. உப்பிட்டு வறுத்தது மட்டும் வேண்டாம்.

ஆனால் இது உணவேயன்றி மருந்தன்று. சிறுநீரகம் ஏற்கெனவே பழுதுற்றோர்க்குப் பருப்பிலுள்ள பொட்டாசியமும் பாஸ்பரஸும் தீங்காகலாம். கல்லடைப்பு உள்ளோர்க்கு வாதுமையின் ஆக்ஸலேட் ஆகாது. அத்தகையோர் வைத்தியரைக் கேட்ட பின்னரே உண்பாராக.