எங்கள் பெட்டி, நம் வீடு

தமிழில் 'நாம்' என்பதற்கும் 'நாங்கள்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஆண்டுதோறும் வகுப்பில் கற்பித்து வருகிறேன். முன்னது கேட்பவரையும் உளப்படுத்தும். பின்னது அவரை வெளியே நிறுத்திவிடும். அந்த வேறுபாட்டின் முழுப் பொருளையும் சென்ற மாதம் என் வீட்டுக் கூடத்தில் ஓர் இளைஞர் எனக்குக் கற்பித்துச் சென்றார்.

எங்களுடையது தடித்த சுவர்கள் கொண்ட பழைய வீடு. ஒளியிழை இணைப்போடு நிறுவனத்தார் பொருத்திய பெட்டியின் அலை, மகள் படிக்கும் பின்னறையை எட்டுவதில்லை. நல்லதொரு ரௌட்டரைச் சொந்தமாக வாங்கினேன். திசைவி என்று அதைத் தமிழாக்கியிருக்கிறார்கள், பொருத்தமான சொல்தான். நிறுவனத்தின் பெட்டி வெறும் பாலமாக நிற்கட்டும், திசை காட்டும் வேலையை என் கருவி பார்த்துக்கொள்ளட்டும் என்று கேட்டேன். வந்த இளைஞர் பணிவாகவே மறுத்தார். "சார், இது எங்க பாக்ஸ். பாஸ்வேர்டு கஸ்டமருக்குத் தர்றதில்ல. உங்க ரௌட்டரை இதுக்குப் பின்னாடி மாட்டிக்குங்க."

மாட்டிக்கொண்டேன். வேலை செய்கிறது. ஆனால், தெருக்கதவின் சாவி அவர்களிடமும் அறைக்கதவின் சாவி என்னிடமும் இருக்கின்றன.

இது வெறும் பிடிவாதமன்று. வீட்டிலிருந்து அந்த இணைப்பின் வழியே புறப்படும் ஒவ்வொரு தகவலும் இந்தப் பெட்டியைக் கடந்தே செல்கிறது. அலுவலகத்திலிருந்தபடியே இதன் அமைப்புகளை மாற்ற டி.ஆர்-069 என்ற நெறிமுறை உண்டு. இதனோடு இணைந்துள்ள கருவிகள் எவை என்பதையும் அவ்வழியே அறிய முடியும். மின்வாரியம் மீட்டரோடு நின்றுவிடுகிறது. எந்த மின்விசிறி வாங்க வேண்டும் என்று நமக்குச் சொல்வதில்லை. இணைய நிறுவனம் மட்டும் ஏன் கூடத்துக்குள் வந்து அமர்ந்துகொள்கிறது?

வழக்கு பழையதுதான். அமெரிக்காவில், பேசுவது அருகிலிருப்பவர் காதில் விழாதபடி தொலைபேசியின் வாய்ப்பகுதியில் பொருத்தும் கிண்ணம் போன்ற ஒரு பொருள் விற்கப்பட்டது. ஹஷ்-ஏ-ஃபோன் என்று பெயர். ஏடி அண்ட் டி நிறுவனம் அதைக்கூட எதிர்த்தது. 1956இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கிண்ணத்தின் பக்கம் நின்றது. 1968இல் கார்ட்டர்ஃபோன் வழக்கில், வலையமைப்புக்குத் தீங்கு செய்யாத பிறருடைய கருவிகளையும் இணைக்கலாம் என அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையம் முடிவு செய்தது. பிற்காலத்தில் கடையில் வாங்கிய மோடம்கள் வீடுகளுக்குள் நுழைந்தது இந்தத் திறப்பின் வழியாகத்தான்.

ஐரோப்பிய ஒன்றியம் தன் 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறையில், விரும்பிய கருவியைப் பயன்படுத்துவது பயனரின் உரிமை என்றது. ஜெர்மனி 2016 ஆகஸ்ட் 1 முதல் அதைத் தெளிவான சட்டமாக்கியது. நிறுவனத்தின் எல்லை சுவரிலுள்ள இணைப்புமுனையோடு முடிகிறது; இணைப்புக்குத் தேவையான விவரங்களை வாடிக்கையாளர் கேட்காமலேயே தந்துவிட வேண்டும்.

நிறுவனங்கள் பாதுகாப்பைக் காரணம் காட்டுகின்றன. அதே ஜெர்மனியில் 2016 நவம்பரில் ஒரு தாக்குதலால் சுமார் 9 லட்சம் டாய்ச்ச டெலிகாம் வாடிக்கையாளர்களின் இணைப்புகள் பாதிக்கப்பட்டன. செயலிழந்தவை அந்நிறுவனமே வழங்கிய ரௌட்டர்கள்! இதனால் சொந்தக் கருவி தானாகவே பாதுகாப்பானது என்று ஆகிவிடாது. கடவுச்சொல்லை மாற்றுவதும், மென்பொருளை அவ்வப்போது புதுப்பிப்பதும் நம் பொறுப்பு. பழுது நேர்ந்தால் நிறுவனத்தைக் குறைசொல்லவும் இயலாது. ஒளியை மின்குறியாக மாற்றும் கருவி மறுமுனையோடு ஒத்துப்போக வேண்டும் என்ற வாதத்திலும் நியாயம் உண்டு. அதை அவர்களே தரட்டும். அதற்கு அப்பால் திசை காட்டும் வேலையை யார் செய்வது என்பதை வீட்டுக்காரர் தீர்மானிக்கட்டும்.

நான் கேட்பது சலுகையை அல்ல. பெட்டியைப் பாலமாக மாற்றித் தரப்படும் என்ற ஒரு வரி விண்ணப்பப் படிவத்திலேயே இருக்க வேண்டும். புதிதாக இணைப்பு வாங்குவோர் கையெழுத்திடும் முன்பே இதைக் கேட்டுவிடுவது நல்லது. பின்னர் கேட்டவன் பட்ட பாட்டைத்தான் மேலே எழுதியிருக்கிறேன். பெட்டி அவர்களுடையதாகவே இருக்கட்டும். அது நிற்கும் வீட்டைப் பற்றிப் பேசும்போதாவது 'எங்கள்' என்று சொல்லும் உரிமை நமக்கு வேண்டாமா?